லைவ் வராத மழை

"ஓமானுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்று கைபேசியில் செய்தி வந்து விழும்போதெல்லாம் செல்வசிங் ஓமானில் இருந்ததே இல்லை. அல் ஐனுக்கு வடக்கே, மலையடிவாரத்தில், அமீரக மண்ணில்தான் காரை நிறுத்தியிருப்பார். எல்லை வேலி தூரத்தில் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கத்து டவருக்கு மட்டும் இவர்மேல் என்னவோ ஒரு பாசம். கோடைக்காலம் முழுக்க அது இவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கத்து டவர், மாதாமாதம் இவரிடம் காசு வாங்குகிற டவர், ஏனென்று கேட்காது.

செல்வசிங்குக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் ஏசி பழுது பார்க்கும் வேலை. ஊர் குமரி மாவட்டத்துக் கடற்கரை. கடற்கரையில் பிறந்தவர்தான், ஆனால் வள்ளத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் அப்பா இவரை ஐடிஐக்கு அனுப்பினார், ஐடிஐ இவரை வளைகுடாவுக்கு அனுப்பியது. மனைவி ஜெபகனி இங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் அக்ஸா ஏழாம் வகுப்பு. ஊரில் இருந்தவரை மழை பெய்தால் சன்னலைச் சாத்திவிட்டுப் படுத்த மனுஷன், இங்கே வந்து மழைப் பைத்தியம் ஆனார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வானம் துடைத்துவைத்த மாதிரி கிடந்தால் யாருக்கும் அந்தப் பைத்தியம் பிடிக்கத்தான் செய்யும்.

ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மலைத்தொடரின் முதுகில் மேகம் கொதித்து எழும்பும். எழும்புவதற்குள் அதன் அடிக்குப் போய்ச் சேர்ந்தால் மண்ணும் ஆலங்கட்டியுமாக ஒரு பேய்மழை கிடைக்கும். பிந்திப் போனால் ஈரத் தார்ரோடு மட்டும்தான். பள்ளிக்கூடம் அப்போது லீவு என்பதால், காலையிலேயே ஏசிகளைக் கழுவி மாட்டிவிட்டு மதியம் தன் பழைய பஜேரோவில் கிளம்பிவிடுவார். ஊர் ஏசியையெல்லாம் பார்க்கிறவரின் காரில் ஏசி ஓடாது. அதைப் பார்க்க நேரமில்லை என்பார்.

மேகத்தைக் கண்ணால் பார்த்துத் துரத்தலாம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். மலைக்கு முன்னால் நின்றால் மலைதான் தெரியும். எது வளர்கிறது, எது சாகிறது, எது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதெல்லாம் ரேடார் படத்தில்தான் தெரியும். படத்துக்கு நெட் வேண்டும். கிடைத்த மழையை நாலு பேருக்கு லைவில் காட்ட அதைவிட நிறைய நெட் வேண்டும். செல்வசிங்கின் வாழ்க்கையில் மேகம் கொடுத்த கஷ்டம் கொஞ்சம்தான். மீதிக் கஷ்டம் முழுக்க நெட் கொடுத்தது.

முதலில் சொந்த நம்பரில் பேக்கேஜ் போட்டுப் பார்த்தார். மேகம் தலை தூக்கும்போது பேக்கேஜ் தலை சாய்ந்துவிடும். டவர் கிடைத்த இடத்தில் லைவ் தண்ணீர் மாதிரி அதைக் குடித்தது. மாதத்தின் மீதி நாளுக்கு வீட்டுக்கு ஒரு போட்டோ அனுப்பக்கூட மிச்சம் இருக்காது.

அடுத்தது வீட்டு நெட் பெட்டி. வயர் இல்லாமல் சும்மா பிளக்கில் சொருகினால் ஓடுகிற வெள்ளைப் பெட்டி. பிளக் எங்கே இருந்தால் என்ன என்று, காரில் இன்வெர்ட்டர் வைத்து அதில் சொருகினார். பெட்டி பச்சை விளக்கு காட்டியது. செல்வசிங் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். வீட்டுத் தெரு தாண்டி இரண்டாவது ரவுண்டானாவில் விளக்கு சிவப்பாகிவிட்டது. அந்தப் பெட்டிக்கு அந்த வீட்டு டவர் மட்டும்தான் தாலி கட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் ஜெபகனியின் போன் வந்துவிட்டது.

"நெட் பெட்டியக் காணல. கள்ளன் கேறி அத மட்டும் எடுத்துட்டுப் போனானோன்னு வீடு முழுக்கத் தேடியாச்சு. பிள்ளைக்க ஆன்லைன் டியூஷன் பாதியில நிண்ணு போச்சு. நீங்க எங்க நிக்கிய?"

"இப்ப வந்துருவேன்."

"பெட்டி உங்க கூடயா இருக்கு?"

செல்வசிங் ரவுண்டானாவைச் சுற்றிக் காரை வீட்டுப் பக்கம் திருப்பினார். போனில் ஜெபகனிக்குப் பின்னாலிருந்து அக்ஸா, "டாடி, திஸ் இஸ் நாட் ஃபேர்" என்றது மட்டும் கேட்டது.

வேலிக்கு அந்தப் பக்கத்து ஊரான புரைமியிலிருந்து ஒருவர் ஓமான் சிம் கொண்டுவந்து கொடுத்தார். வரவேற்கிறார்களே, போய்த்தான் பார்ப்போம் என்று அதைப் போட்டார். வரவேற்பு வேலியோடு சரி. மேகம் வேலியை விட்டு இந்தப் பக்கம் நகர்ந்ததும் அந்த டவர் கையை உதறிவிட்டது. பிறகு மக்தூம் பாய் கடையில் போய், கூரையில் தட்டு வைத்து நேரே வானத்திலிருந்து நெட் எடுப்பது பற்றிக் கேட்டார். மக்தூம் பாய் அல் ஐன் கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருப்பவர், காயல்பட்டினத்துக்காரர். யாரையும் மனம் நோகப் பேச மாட்டார்.

"அது நம்ம கைக்கு எட்டுற காரியமா தம்பி. அதுக்கு இங்க என்ன பெர்மிஷன் வேணும்னும் எனக்குத் தெரியாது, வெலய நீங்க தெரிஞ்சுக்கவும் வேணாம். போய் ஒரு கரக் டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

கடைசியில் கை கொடுத்தது சிவசங்கரன்தான். தென்காசிக்காரர், கல்யாணத்துக்கு முன்னால் செல்வசிங்கின் ரூம்மேட். அவர் வேலை பார்த்த பெரிய கம்பெனியில், ஊழியர்களுக்கென்று குறைந்த வாடகைக்கு, அளவில்லாத நெட் சிம் கொடுத்தார்கள். "எனக்கு ஊருக்குப் பேசுறத தவிர என்ன சோலி வே. எம்பேர்ல ஒண்ணு வாங்கித் தாரேன், மாசா மாசம் பில்ல மட்டும் குடுத்துரும்" என்றார். அந்த சிம்மை ஒரு சின்ன ரூட்டரில் போட்டு, ரூட்டரை டேஷ்போர்டில் ஒட்டினார் செல்வசிங். செல்வசிங்கின் நம்பருக்கு டவர் கிடைக்காத மலையடிவாரத்திலும் இதற்குக் கிடைத்தது. இது வேறு டெலிபோன் கம்பெனி. இரண்டு கோடை முழுக்க அந்தச் சின்னப் பெட்டி ஒரு குறையும் வைக்கவில்லை. அது சிவசங்கரன் பெயரில் இருக்கிறது என்பதே செல்வசிங்குக்கு மறந்துபோனது. பில் காசைக்கூட அவர் வந்து கேட்கும்போது ஏதோ பழைய கைமாற்று மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு கோடையில்தான் லைவுக்கு ஆள் சேர்ந்தது. சும்மா வேடிக்கை பார்ப்பவர்கள் கொஞ்சம். அதிகம் பேர் அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிற டிரைவர்கள். மலைக்குள் கல் உடைக்கிற குவாரிகளும் அவற்றின் கேம்ப்களும் இருக்கின்றன. அங்கே போக இரண்டு வழி. தார்ரோடு சுற்றிக்கொண்டு போகும். வாதி என்று சொல்கிற வறண்ட ஆற்றுக்குள் இறங்கி ஏறினால் பாதி நேரத்தில் போய்விடலாம். வாதியில் தண்ணீர் மலைமேல் பெய்கிற மழையால் வரும், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். அதனால் டிரைவர்கள் கிளம்புமுன் செல்வசிங்கின் வாட்ஸப் குரூப்பில் லைவ் லிங்க் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். லைவ் ஓடினால் தார்ரோடு. லைவ் இல்லாவிட்டால் வாதி. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, தானாக வந்த பழக்கம். செல்வசிங்குக்கு இதில் உள்ளுக்குள் பெருமை உண்டு. அந்தப் பெருமையில்தான் எல்லாம் கெட்டது.

அந்த டிரைவர்களில் ஒருவன் சுபின், ஜெபகனியின் ஒரே தம்பி. குவாரி கேம்ப்புக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோகிற பிக்கப் அவனுடையது. மெஸ்ஸிலிருந்து அண்டாக்களை ஏற்றிக்கொண்டு சாயங்காலத்துக்கு முன் போய், காலி அண்டாக்களோடு திரும்புவான். அவனுக்கு விசா எடுத்துக் கொண்டுவந்தது செல்வசிங்தான். ஏர்போர்ட்டில் மாமியார் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, பையனை உங்ககிட்ட விட்டுருக்கேன் என்று ஒரே வார்த்தை சொன்னார்.

ஜூலையில் சிவசங்கரன் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினார். ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் செல்வசிங்தான். ஒரேயடியாகப் போகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. எங்காவது எதாவது பில் பாக்கி கிடந்து, பாஸ்போர்ட் கவுண்டரில் பிடித்து நிறுத்திவிடுவார்களோ என்று. சிவசங்கரனுக்கு அந்தப் பயம் ஒரு சுற்று அதிகம்.

"எல்லாத்தையும் க்ளியர் பண்ணிட்டேன் வே" என்றார் வழியில். "பேங்க், கரண்டு, எம்பேர்ல இருந்த எல்லா லைனும். மாசக் கடைசியோட எல்லாம் முடிஞ்சிரும். ஒரு பயலும் என்னைய நிறுத்த முடியாது."

"நல்ல காரியம் செஞ்சியரு" என்று செல்வசிங் மனமாரப் பாராட்டினார். டேஷ்போர்டில் அந்தச் சின்னப் பெட்டி பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் பிறந்த அன்று மலைமேல் எழும்பிய மேகம் மாதிரி செல்வசிங் அதுவரை பார்த்ததில்லை. அல் ஐனிலிருந்தே தெரிந்தது, வெளுத்துப் பொங்கி, உச்சி தட்டையாகி. ரேடாரே வேண்டாம் என்று பஜேரோவை விரட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் லைவுக்கு ரெடியாகலாம் என்று ரூட்டரைப் பார்த்தால் சிவப்பு. அணைத்துப் போட்டார். சிவப்பு. சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, ஊதி, சாமியை நினைத்துப் போட்டார். சிவப்பு. சொந்தப் போனில் கொஞ்சம் டவர் இருக்கும்போதே மக்தூம் பாயைக் கூப்பிட்டார். அவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"தம்பி, இந்த லைன் க்ளோஸ் ஆயிருக்கே. உடையவர் எழுதிக் குடுத்து மூடியிருக்காரு. இது யாரு பேர்ல இருக்கு?"

செல்வசிங் காரை ஓரமாக நிறுத்தினார். ஏர்போர்ட் வழியும், பச்சை வெளிச்சமும், தான் பாராட்டிய பாராட்டும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. சிவசங்கரனைத் தனக்குத் தெரிந்த எல்லாக் கெட்டவார்த்தையிலும் திட்டினார். பிறகு அவரைத் திட்டி என்ன செய்ய என்று தன்னையே திட்டினார். சாமான் வாங்குவதற்கு ஊரான் பெயரையும், சந்தோஷப்படுவதற்குத் தன் பெயரையும் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டிய மடையன் யார் என்று அவருக்கே தெரிந்தது.

அடிவாரத்துக்குப் போனபோது சொந்தப் போனிலும் டவர் போய்விட்டது. "ஓமானுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்." ரோமிங் இல்லாத நம்பரில் ஒரு போன்கூடச் செய்ய முடியாது. எதிரே மலை கருத்துப்போய் நின்றது. மின்னல் உள்ளுக்குள்ளேயே புரண்டது. இரண்டு வருஷத்தில் கிடைத்த மிகப் பெரிய மேகம், காட்ட ஒரு ஆள் இல்லை. செல்வசிங்குக்கு அழுகை வருகிற மாதிரி ஆத்திரம். எனக்கெதுக்கு இந்தச் சீண்டரம் பிடித்த வேலை, வீட்டில் போய் மனுஷனாய்ப் படுக்கலாம் என்று காரைத் திருப்பினார்.

திருப்பினபோதுதான் எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. குரூப்பில் இருக்கிற சாகிர், கீழக்கரைப் பையன். இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தான்.

"என்ன அண்ணே, இன்னிக்கு லைவக் காணோம். மழை இல்லன்னு வாதி வழியாப் போயிக்கிட்டு இருக்கேன்."

செல்வசிங்குக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் சன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். இத்தனை நேரமும் தன் லைவ் யாருக்கும் போகவில்லை என்று புழுங்கிக்கொண்டிருந்தார். போயிருக்கிறது. மழை இல்லை, வாதியில் இறங்குங்கள் என்று எல்லாருக்கும் போயிருக்கிறது.

"லேய், வண்டியத் திருப்பு. அங்க பாரு."

சாகிர் மலையைப் பார்த்தான். லாரி கேபினுக்குள்ளிருந்து அவ்வளவு நேரம் அவன் அதை அண்ணாந்து பார்க்கவே இல்லை. லைவ் இல்லாத நாளில் எதற்கு அண்ணாந்து பார்ப்பது.

"உள்ள யாரு போயிருக்கா?"

"சுபின் எனக்கு முன்னாடியே போயிட்டானே அண்ணே. இந்நேரம் எறக்கிட்டுத் திரும்பி வந்துக்கிட்டு இருப்பான்."

"டவர் கிடைக்க எடம் வரைக்கும் திரும்பிப் போ. குரூப்புல சொல்லு, போலீசுக்கும் சொல்லு. நிக்காத."

செல்வசிங் மறுபடி காரைத் திருப்பி வாதிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே நல்ல வெயில். ஆற்றுக்குள் சரளைக் கல்லும் உலர்ந்த மணலும், ஒரு சொட்டு ஈரம் இல்லை. அக்கரையில் தூசி கிளப்பிக்கொண்டு சுபினின் வெள்ளை பிக்கப் வருவது தெரிந்தது. செல்வசிங் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார். இறங்கி நின்று, சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் வீசினார், வராதே வராதே என்று.

சுபின் பார்த்தான். அத்தானின் பஜேரோ வழியில் நின்றுபோவது அவனுக்குப் புதிதல்ல. அந்தக் கோடையில் மட்டும் எத்தனையோ தடவை கயிறு கட்டி இழுத்திருக்கிறான். இந்த வெயிலில், ஏசி இல்லாத காரில், மனுஷன் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாரே என்று, வந்த வேகத்தைவிட வேகமாக ஆற்றுக்குள் இறங்கினான்.

சத்தம்தான் முதலில் வந்தது. மேலே யாரோ லாரி லாரியாகக் கல் கொட்டுகிற சத்தம். வளைவில் தண்ணீர் தெரிந்தபோது அது தண்ணீர் மாதிரியே இல்லை, கட்டையும் குப்பையும் சேர்ந்து நகர்கிற ஒரு பழுப்புத் திண்டு. பிக்கப் ஆற்றின் பாதியைத் தாண்டியிருந்தது. சுபின் அதைப் பார்த்துவிட்டு மிதித்தான். பின்சக்கரம் மணலில் சுற்றியது. முன்சக்கரம் கரையின் சரிவைத் தொடப் போகும்போது தண்ணீர் பின்பக்கத்தைப் பிடித்து வண்டியைத் திருப்பிவிட்டது.

செல்வசிங் கயிற்றை எடுக்க ஓடினார். அவன் இவரை இழுத்த அதே கயிறு, காரில்தான் கிடந்தது. ஒரு முனையை பஜேரோவின் கொக்கியில் மாட்டினார். சுபின் சன்னல் வழியாக வெளியே வந்து கேபின் மேல் ஏறியிருந்தான். முதல் வீச்சு எட்டவில்லை. இரண்டாவது வீச்சைத் தண்ணீர் கொண்டுபோனது. இழுத்துச் சுருட்டி மூன்றாவது வீசும்போது செல்வசிங் மாமியாரை நினைத்தார், ஜெபகனியை நினைத்தார், வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று நினைத்தார். சுபின் பிடித்துக்கொண்டான். இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு குதித்தான். கை உரிந்து ரத்தம் வர இழுத்து, ஒருவழியாகக் கரையில் போட்டபோது பிக்கப் மெல்ல உருண்டது. மூடி கழன்ற அண்டாக்கள் ஒவ்வொன்றாக மிதந்து போயின.

சுபின் சேற்றைத் துப்பிவிட்டு உட்கார்ந்தான்.

"லைவ் வரல்லியே அத்தான்" என்றான். "அதான் வந்தேன்."

செல்வசிங்கால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் குறையாகவே சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். பேன்ட் பையில் கிடந்த போன் பீப் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே என்ன செய்தி என்று அவருக்குத் தெரியும்.

சாகிர் சொல்லி வந்த போலீஸ் வழியை அடைத்தது. வீட்டில் ஜெபகனி தம்பியின் தலையைத் துவட்டினாள், கால் விரலில் இருந்து உச்சி வரை தடவித் தடவிப் பார்த்தாள். செல்வசிங் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார், சிவசங்கரன், சிம், ஏர்போர்ட், எல்லாம். அவள் அடுக்களைக்குப் போய்த் தம்பிக்குக் கஞ்சி வைத்தாள். மறுநாள் டியூட்டி முடிந்ததும் யூனிபார்மோடு அவரைக் கூட்டிக்கொண்டு மக்தூம் பாய் கடைக்குப் போனாள். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் ஒரு குறைந்த விலைத் திட்டம் இருக்கிறது என்பதும், அவள் இவ்வளவு நாளும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதும் அங்கேதான் செல்வசிங்குக்குத் தெரிந்தது.

"எனக்க பேர்லயே போடுங்க பாய்" என்றாள், அடையாள அட்டையை வைத்து. "நான் ஊருக்குப் போனா இவருகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

மக்தூம் பாய் சிரிக்காமல் சிம்மை எடுத்துக் கொடுத்தார். அது எந்தக் கம்பெனி சிம் என்று செல்வசிங் அட்டையிலேயே பார்த்துவிட்டார். தன் சொந்த நம்பரின் கம்பெனி. அடிவாரத்தில் இதற்கு டவர் எடுக்காது என்று சொல்ல வாய் வரை வந்தது. பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

அடுத்த மேகம் அந்த வாரமே எழும்பியது. பழைய இடத்தில் காரை நிறுத்தி, ஒருவேளை டவர் எடுத்துவிடுமோ என்ற ஆசையில், புதிய சிம்மோடு லைவ் பட்டனை அமுக்கினார். அன்று மேகத்தைக் காட்டவில்லை. கேமராவைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டார். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. மழை உண்டா இல்லியான்னு எனக்க லைவ வச்சு முடிவு செய்யாதிய. நான் வரலன்னா மழை இல்லன்னு அர்த்தம் இல்ல, எனக்கு நெட் இல்லன்னுதான் அர்த்தம். வண்டிய எடுக்கதுக்கு முன்ன நீங்களே ஒரு தடவ மலையப் பாருங்க. எனக்க மச்சினன் அண்ணைக்கு எனக்க லைவத்தான் பாத்தான், மலையப் பாக்கல."

சொல்லி முடித்துவிட்டு, யாராவது பதில் போட்டிருக்கிறார்களா என்று திரையைப் பார்த்தார். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பார்ப்பவர் யாரும் இல்லை. ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை. ரூட்டர் சிவப்பாக இருந்தது. போனில் ஓமான் வரவேற்றது.

செல்வசிங் திட்டவில்லை. மலைக்கு முதுகைக் காட்டி காரைத் திருப்பி, டவர் கிடைக்கிற இடம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார்.